சூப்பர்கார்: விமர்சகர்கள் சொன்னதும், இருக்கையில் உட்கார்ந்தவர்கள் கண்டதும்

சூப்பர்கார் எனப்படும் அதிவேக, விலையுயர்ந்த கார்களை ஓட்டும் உணர்வை விமர்சகர்கள் நமக்குச் சரியாகச் சொல்கிறார்களா? மூவர் பேசுகிறார்கள்.

மாரனெல்லோவில் வாடகைக்கு ஓட்டியவர்:

இத்தாலியின் மாரனெல்லோவில், ஃபெராரி தொழிற்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில், பணம் கட்டினால் சில நிமிடங்களுக்கு ஒரு ஃபெராரியை ஓட்டத் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே 458 இட்டாலியாவை ஓட்டினேன். 4.5 லிட்டர் வி8 எஞ்சின், 570 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் என்பதெல்லாம் தொலைக்காட்சி விமர்சகர்களின் புண்ணியத்தில் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். அந்த வண்டியில் இண்டிகேட்டருக்குத் தண்டு கிடையாது, ஸ்டீயரிங் மீதே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன என்பதும் தெரிந்ததுதான். ஆனால் ரவுண்டானாவுக்குள் ஸ்டீயரிங் பாதி திரும்பியிருக்கும்போது, வலப்பக்கப் பொத்தான் இடப்பக்கம் போய்விடுகிறது என்பதையும், பின்னால் வரும் கார்க்காரர் ஹாரன் அடிக்க, பக்கத்தில் அமர்ந்திருக்கும் கடை ஊழியர் புன்னகை மாறாமல் வெளியேறும் சாலையைக் காட்ட, நாம் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்போம் என்பதையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊருக்கு வெளியே ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கக் கிடைத்த சிறு இடைவெளியில், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. எதிர்பாராதது பிரேக்தான். கார்பன் செராமிக் பிரேக்கில் கால் அழுந்தியதும் உடம்பு முழுவதும் சீட் பெல்ட்டில் தொங்க, வயிறு மட்டும் முன்னே போய்க்கொண்டிருந்தது. கேமராவும் வண்டியோடு சேர்த்து இறுக்கப்பட்டிருப்பதால், திரையில் இது ஒரு சிறு குலுக்கலாகக்கூடத் தெரிவதில்லை.

அதற்காக விமர்சகர்கள் எதையுமே உணர்த்தவில்லை என்று சொல்லமாட்டேன். 2004-இல் டாப் கியர் என்ற பிபிசி கார் நிகழ்ச்சிக்காக அதன் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன், கூரையோ முன்கண்ணாடியோ இல்லாத ஏரியல் ஆட்டம் வண்டியை ஓட்டியபோது, காற்று அவருடைய கன்னங்களைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உவமைகளில் கைதேர்ந்த அந்த மனிதரின் எத்தனையோ வர்ணனைகளைவிட, முகம் கோணிப்போன அந்தச் சில நொடிகள் அதிகம் சொல்லின. (அந்த வண்டி சூப்பர்கார் வகையில் சேருமா என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.) மாறாக, 2007-இல் அதே நிகழ்ச்சியின் இன்னொரு தொகுப்பாளர் ஜேம்ஸ் மே, ஜெர்மனியின் எரா-லெசியன் சோதனைத் தடத்தில் புகாட்டி வேய்ரானை மணிக்கு 407 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுசென்ற காட்சியில் எனக்கு அந்த எண் மட்டுமே மனத்தில் நின்றது. எதிரே யாரும் வராத, கிட்டத்தட்ட 9 கி.மீ. நீளமுள்ள அந்த நேர்த்தடத்தில், வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணுக்கு எதுவும் அகப்படுவதில்லை.

துபாயில் வாலே பார்க்கிங் (விருந்தினர் வண்டியை வாங்கி நிறுத்தித் தரும்) பணியில் இருந்தவர்:

வேகத்தைப் பற்றி நான் பேச எதுவுமில்லை. துபாயில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்த காலத்தில் லம்போர்கினியும் ஃபெராரியும் அன்றாடம் என் கைக்கு வந்தன என்றாலும், எனக்கு வாய்த்த தூரம் வாசலிலிருந்து நிலத்தடி பார்க்கிங் வரைதான். பழைய லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியரில், அதாவது கிளட்ச் மிதி இல்லாத கியர் அமைப்பில், இருப்பது ஒற்றை கிளட்ச். சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் வண்டி தயங்கும், கொஞ்சம் கூட்டினால் துள்ளும், இரண்டுக்கும் நடுவே நிதானித்தால் கிளட்ச் கருகும் வாடை உள்ளே வரும். பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவு தொடங்கும் இடத்தில், முன்பக்கத்தைத் தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அது எழும்பி முடியும்வரை சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள். அந்த வசதி இல்லாத வண்டியைச் சற்றே கோணலாக இறக்கினாலும், முன் பம்பரின் அடிவிளிம்பு சிமென்ட் தரையில் உரசும் ஓசை ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், அதன்பின் நம் கை தானாகவே ரேடியோவை அணைத்துவிடும்.

பின்கண்ணாடி என்று ஒன்று இருப்பதே பெயருக்குத்தான். அந்தக் காலத்து லம்போர்கினி கவுன்டாஷில் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டியபடி ரிவர்ஸ் எடுப்பார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். விமர்சனங்களில் இந்தச் சங்கடங்கள் நகைச்சுவைக்காக அரை நிமிடம் வந்துபோகின்றன. நகரத்துக்குள் இந்த வண்டிகளை வைத்திருக்கும் உரிமையாளர்களோ, நான் பார்த்த வரையில், வண்டிக்குள் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இவற்றோடுதான் கழிக்கிறார்கள்.

இருவருக்கும் மறுமொழியாக:

வண்டியை இரவல் வாங்கி, டாப் கியர் வண்டிகளை ஓட்டிப்பார்த்த டன்ஸ்ஃபோல்டு போன்ற ஒரு பழைய விமானத் தளத்தில், டயர் தேய்மானமும் காப்பீடும் யாரோ ஒருவருடைய கவலை என்ற நிலையில் ஓட்டுகிற விமர்சகரிடமிருந்து நீங்கள் இருவரும் சொல்லும் அனுபவம் கிடைக்காது. அந்த இரவல் வண்டியே நாம் வாங்கக்கூடிய வண்டிதானா என்ற கேள்வியும் உண்டு. விமர்சகர்களுக்குத் தரும் வண்டிகளை ஃபெராரி தனியாகத் தயார்செய்கிறது என்று கார் விமர்சகர் கிறிஸ் ஹாரிஸ் 2011-இல் வெளிப்படையாக எழுதினார். என்னைப் பொறுத்தவரை, கிளார்க்சன் சூப்பர்காரைப் பற்றிச் சொன்னவற்றில் நம்பத்தகுந்தது அவருடைய ஃபோர்டு ஜிடி கதைதான். சொந்தப் பணத்தில் வாங்கிய அந்த வண்டியின் திருட்டு எச்சரிக்கைக் கருவி ஓயாமல் தொல்லை கொடுத்ததால் அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மனம் கேட்காமல் மறுபடியும் வாங்கினார். தடத்தில் டயர்ப் புகை கிளப்பிய அவருடைய காட்சிகள் எதிலும் எனக்கு அவ்வளவு விளங்கியதில்லை.