செறிவா, கடுமையா, உறைப்பா?

பயிற்றுநர், திருகோணமலை:
நெடுந்தூர ஓட்டப் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடலை எவ்வளவு வருத்தி ஓடுகிறோம் என்பதைச் சொல்லும் 'இன்டென்சிட்டி'க்குச் 'செறிவு' என்று எழுதினேன். அதே பக்கத்தில், ஓடும்போது தசையில் உண்டாகிக் குருதியில் சேரும் இலத்திக் அமிலத்தின் செறிவும் வருவதால், 'செறிவு கூடினால் செறிவு கூடும்' என்று நிற்கிறது. ஐயாமார் வழி சொல்லுங்கள்.

இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்:
ஒளிச்செறிவு படித்த பிள்ளைகள்தானே தம்பி, விளங்கும். அமிலத்துக்கு 'அளவு' என்று போடுங்கள்.

பயிற்றுநர்:
லீற்றருக்கு இத்தனை மில்லிமூல் என்பது அளவு அல்லவே, சேர்.

மதுரை அன்பர்:
எங்கள் பக்கம் 'தீவிரம்' என்போம்.

பயிற்றுநர்:
'தீவிரப் பயிற்சி' என்று இங்கே பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட யாருக்கும் துணிவு வராது.

புலவர் ஐயா:
அது வடசொல்லும்கூட. 'உறைப்பு' இருக்க ஏன் அலைகிறீர்கள்? அன்பின் உறைப்பு என்று சைவப் பெரியோர் எழுதவில்லையா? பாலை உறைய வைப்பதும் உறை. 1780இல் இரசாயன அறிஞர் ஷேலே இந்த அமிலத்தைக் கண்டதே புளித்த பாலில்தான்!

பயிற்றுநர்:
பிள்ளைகள் கொச்சிக்காயை நினைப்பார்கள், ஐயா. 'கடுமை' என்று போட்டால் என்ன? நண்பகல் வெயிலில் அதே வேகத்துக்கு நாடி ஏறிவிடும். ஓடுபவருக்கு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை போர்க் அளவுகோல் 6 முதல் 20 வரை கேட்கிறது. வேகம், நாடி, இந்தத் தோற்றம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

விஞ்ஞான ஆசிரியர்:
தேர்ந்த ஓட்டக்காரரின் பயிற்சியில் ஏறக்குறைய 80 வீதம் இலேசான ஓட்டம் என்பது விளையாட்டு ஆய்வாளர் சைலரின் ஆய்வு. அதை 'இலேசான கடுமை' என்பீரோ?

மதுரை அன்பர்:
'குறைந்த வேகம்' என்கிறோமே, 'குறைந்த கடுமை'க்கு என்ன குறை?

பயிற்றுநர்:
சரி. அப்புறம், கடுமை கூடும்போது கடக்கும் எல்லைகளாக இரண்டு நுழைவாய்கள் ('திரெஷோல்ட்') உண்டு. அமிலம் ஏறக்குறைய 2 மில்லிமூலில் ஒன்று, 4இல் மற்றது, ஆளுக்காள் மாறும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது முழு வசனம் பேச முடிந்தால் முதலாவதற்குக் கீழே. ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் இரண்டாவதற்கு மேலே. நடுவில் உள்ளதற்குப் பெயர்?

புலவர் ஐயா:
இடைகழி! வீட்டின் வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவிலுள்ள நடை. திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். உங்கள் மூன்று நிலையும் அதிலேயே அடங்கிவிட்டன.

மதுரை அன்பர்:
ஆழ்வார்கள் ஓடவில்லையே, ஐயா.

பயிற்றுநர்:
இடைகழி அழகாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். மற்றது 'கடுமை'. அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

விஞ்ஞான ஆசிரியர்:
அடைப்புக்குள் சிறிய எழுத்திலாவது 'செறிவு' வரட்டும். வராவிட்டால் அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.