மோட்டார்ஹோமில் பிளக் பாயிண்ட் எதுவும் வேலை செய்யல, அவசரம்

நங்கநல்லூர்_உமா: அண்ணா குடும்பம் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோட இருக்கற வண்டி) எடுத்துட்டு ஊர் சுத்தப் போயிருக்காங்க, கூட அம்மாவும். திடீர்னு வண்டிக்குள்ள பிளக் பாயிண்ட் எல்லாம் செத்துப்போச்சு. லைட் எரியுது, தண்ணி பம்ப் ஓடுது. வாடகைக்குக் கொடுத்தவங்க போனே எடுக்கல. ஃப்ரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பயணப்பிரியன்: எந்த நாடு? வண்டி கேம்ப்ல நிக்குதா, ரோட்டோரமா? கரண்ட் கேபிள் வெளிய மாட்டியிருக்கா?

வேளச்சேரிவாசி: பேட்டரி இறங்கியிருக்கும். எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்க, சரியாயிடும். எங்க வீட்டு இன்வெர்ட்டர்லயும் இதே கதைதான்.

மின்பொறி: பேட்டரி இறங்கினா லைட் எப்படி எரியும்? லைட்டும் பம்பும் 12 வோல்ட், பேட்டரியில ஓடும். சுவத்து பிளக் 230 வோல்ட், வெளிய இருந்து கேபிள் வந்தாத்தான் உயிர் வரும். மோட்டார்ஹோம் ஏறுற யாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய முதல் பாடம் இது. கேள்வி கேக்கறப்போ நாடு, வண்டி, என்னென்ன மாட்டியிருந்தாங்க, எல்லாம் எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது?

தி.நகர்_கணேஷ்: வோல்டேஜ் வேறயா இருக்கும். அமெரிக்கால 120தான். நம்ம ஊர் சாமான் பலதும் சரியா ஓடாது.

நங்கநல்லூர்_உமா: மன்னிக்கணும் சார், பதட்டத்துல எழுதிட்டேன். நியூசிலாந்து. டெகாபோ ஏரிப் பக்கம் கேம்ப். கேபிள் மாட்டியிருக்கு, சாயந்திரம் வரை நல்லாத்தான் ஓடிச்சாம். அங்க இப்ப ராத்திரி ஒன்பது மணி, இன்னும் வெளிச்சமா இருக்காம். ஆனா நல்ல குளிர். அம்மாவுக்காக ஹீட்டர் போட்டிருந்தாங்க.

பயணப்பிரியன்: ஹீட்டர் கூட வேற என்ன?

நங்கநல்லூர்_உமா: இங்கிருந்து கொண்டுபோன இன்டக்‌ஷன் அடுப்பு. ரசம் வைக்க.

மின்பொறி: அதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஹீட்டர் 2,000 வாட், இன்டக்‌ஷன் 2,000 வாட்னு வச்சுக்குங்க. 16 ஆம்பியர் லைன் தாங்கறது 3,680 வாட்தான். எம்சிபி, அதாவது லோடு அதிகமானா தானா விழற ஸ்விட்ச், விழுந்திருக்கும். கணேஷ், நியூசிலாந்தும் நம்மளை மாதிரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கோட பின்தான் சாய்வா இருக்கும், அடாப்டர் போதும்.

உமா, அண்ணாகிட்ட இப்படிச் சொல்லுங்க: உள்ள மாட்டின எல்லாத்தையும் முதல்ல கழட்டணும். அப்புறம் வண்டிக்குள்ள இருக்கற ஸ்விட்ச் பெட்டியைத் தேடணும், சீட்டுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளயோ இருக்கும். அது சரியா இருந்தா வெளிய போய், கேபிளோட நீல வட்ட பிளக் மாட்டியிருக்கற கம்பத்தோட மூடியைத் திறந்து, கீழ விழுந்த ஸ்விட்சைத் தூக்கணும். ஒண்ணுமே மாட்டாதப்பவும் திரும்ப விழுந்தா தொடவே கூடாது, கேம்ப் ஆபீஸைக் கூப்பிடுங்க.

அடையாறு_மாமி: உமா, இன்சுலினுக்குப் பயப்படாதம்மா. ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடற வகையான்னு கேளு, அப்படின்னா கேஸுக்கு மாத்திட்டாப் போதும். திறந்து பயன்படுத்தற இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்துல 4 வாரம் தாங்கும், பெட்டியில இருக்கற சீட்டைப் பாத்துக்கோ. குளிருதேன்னு கேஸ் அடுப்பைப் பத்தவச்சு வண்டியைச் சூடு பண்ண மட்டும் விடாதே. மூடின வண்டியில கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும்.

வேளச்சேரிவாசி: வண்டியிலயே கேஸ் அடுப்பு இருக்கறப்ப இன்டக்‌ஷன் எதுக்கு? அடுத்து கறிவேப்பிலையும் கொண்டுபோனேன்னு சொல்வாங்க. பெட்டியில அடியில வச்சா எவன் பாக்கப்போறான்.

அடையாறு_மாமி: தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. சொல்லாம கொண்டுபோய் மாட்டினா அங்கயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். இலை, விதை, தேன் எதுலயாவது பூச்சியோ நோயோ ஏறிப் போயிட்டா அவங்க விவசாயம் மொத்தத்துக்கும் ஆபத்து. விவசாயத்தை நம்பி வாழற தீவு நாடு அது.

வேளச்சேரிவாசி: என் மச்சான் ஆவக்காயே கொண்டுபோனான், யாரும் கேக்கல.

பயணப்பிரியன்: நாட்டுக்குள்ள நுழையறப்ப தர்ற படிவத்துல எழுதிக் காட்டியிருப்பார். எழுதிக் காட்டினா அபராதம் இல்ல, கூடாத பொருளை மட்டும் எடுத்துக்குவாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

வேளச்சேரிவாசி: அவன்கிட்டயே கேட்டுட்டு வரேன்.

நங்கநல்லூர்_உமா: வந்துடுச்சு! கம்பத்துல இருந்த ஸ்விட்ச்தான் விழுந்திருந்தது. அம்மா இப்பத்தான் பேசினாங்க. ரோட்ல ஹாரன் சத்தமே இல்லையாம். ஒரு வண்டி மட்டும் போற பாலத்துல சின்ன சிவப்பு அம்பு எந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்து வண்டிங்க தானா நின்னு வழி விடறாங்களாம், அதையே மூணு தடவை சொன்னாங்க. எல்லாருக்கும் நன்றி. மின்பொறி சாருக்கு ரொம்ப நன்றி.

மின்பொறி: சரி. ஹீட்டர் ஓடறப்போ இன்டக்‌ஷன் போடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களா? ஃப்ரிட்ஜ் எந்த வகைன்னும் இன்னும் சொல்லல.

வேளச்சேரிவாசி: மச்சான் எழுதிக் காட்டினானாம். ஆனா ஆவக்காய்ல இலை இல்லையே, அதுக்கு எதுக்கு எழுதணும்?