பொருள்: சீட்டில் வரும் ‘டைப்’: பூதமா, திணையா?

கொக்குவில், தகவல் தொழில்நுட்ப ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். விடுமுறை வகுப்புப் பிள்ளைகள் கோவில் வாகனங்களை வைத்துச் சீட்டு விளையாட்டு ஒன்று செய்கிறார்கள். யாளி, மகரம், அன்னம், இருதலைப் பறவையான கண்டபேரண்டம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு சீட்டிலும் அது நெருப்பா, நீரா, காற்றா என்று ஒரு குறி வரும்; நீர் நெருப்பை வெல்லும் என்பது போல விதியும் உண்டு. கற்பனை விலங்குகளை மோதவிடும் போக்கிமொன் விளையாட்டில் ‘டைப்’ என்பார்களே, அதேதான். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு சொல் தாருங்கோ. ‘வகை’ வேண்டாம், தரவு வகை படிப்பித்த குழப்பமே இன்னும் தீரவில்லை.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘பூதம்’ இருக்க ஏன் தேடுகிறீர்கள், பிள்ளை? ‘நிலம் தீ நீர் வளி விசும்பு’ என்று தொல்காப்பிய மரபியலில் வரிசையாகவே கிடக்கிறது. புறநானூற்று இரண்டாம் பாட்டில் ‘தீ முரணிய நீர்’ என்கிறார் முடிநாகராயர். நீர்ச்சீட்டு தீச்சீட்டை வெல்லும் என்ற உங்கள் விதி அதுதானே? பூதம் வடசொல் என்று யாரும் பாய முன் சொல்லிவிடுகிறேன்: பூத்தல் என்றால் தோன்றுதல். பூத்தது பூதம் என்பேன். பூமியும் அதே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

நல்லூர், மென்பொருளாளர்:
தனி மடலே நல்லது, மாஸ்டர். ‘யாளியின் பூதம் எது’ என்று கேட்டால் பிள்ளைகள் கிணற்றடிப் பேயைத்தான் நினைப்பார்கள். ‘மூலகம்’ என்றால் இரசாயனப் பாடத்து ஐதரசன், ஒட்சிசன்.

அதைவிடப் பெரிய சிக்கல், போக்கிமொனில் டைப் என்பது ஐம்பூதமே இல்லை. 1996இல் வந்த முதல் ஆட்டத்தில் மூன்று பெரும் பறவைகள்: பனிக்கு ஆர்ட்டிகூனோ, மின்சாரத்துக்கு சப்டோஸ், நெருப்புக்கு மோல்ட்ரெஸ். மூன்றுக்கும் பறத்தல் பொது. இதுவரை சரி. 1999இல் வந்த லுகியா கடலடியில் கிடப்பது. அதற்கு நீரைக் கொடுக்காமல் மனவாற்றலையும் பறத்தலையும் கொடுத்தார்கள். 2002இல் வந்த கிரௌடன் நிலத்தடி எரிகுழம்பில் உறங்கும். ஆனால் நெருப்பு இல்லை, வெறும் நிலம். கடலைப் பெருக்கும் கையோகருக்கு எதிரே தரையை விரிப்பது அதன் வேலை. உடம்பு எதனால் ஆனது என்று பார்ப்பதில்லை. கதையில் யாருக்கு எதிரே நிற்கிறது, ஆட்டத்தில் யாரிடம் தோற்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். முதல் ஆட்டத்தில் மனவாற்றலுக்கு உருப்படியான எதிரி இல்லை, 1999இல் இருள், உருக்கு என்ற இரண்டு டைப் சேர்ந்தன. 2013இல் தேவதை வந்தது. டிராகன் அடி அதன்மேல் படவே படாது. 15 டைப்பாக இருந்தது 18 ஆனது இப்படித்தான். ஐம்பூதத்தில் உருக்கு எங்கே இருக்கு, மாஸ்டர்?

‘இனம்’ என்று வைக்கலாமா?

ஆசிரியை:
‘எந்த இனம் எந்த இனத்தை வெல்லும்’ என்று அட்டவணை போட்டு இந்த ஊரில் அச்சடிக்க நான் தயாரில்லை, தம்பி. அடுத்து ‘குலம்’ என்று யாரும் எழுதவும் வேண்டாம்.

பருத்தித்துறை, நூலகர்:
‘திணை’யை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கருப்பொருளில் விலங்கையும் புள்ளையும் நிலம் நிலமாக முன்னமே பிரித்து வைத்தாயிற்று. மயிலுக்குக் குறிஞ்சி, சுறாவுக்கு நெய்தல். அந்த வழியில் மகரமும் நெய்தல். உயர்திணை, அஃறிணை என்னும்போது வெறும் பிரிவு என்ற பொருளும் உண்டு. ஆகவே உருக்குத்திணை, தேவதைத்திணை என்று நீட்டவும் தடையில்லை. இரண்டு டைப் உள்ளதற்கு, ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலப்பதைச் சொல்லும் ‘திணைமயக்கம்’ தயாராகவே இருக்கிறது.

மென்பொருளாளர்:
அக்கா, போக்கிமொனில் தோற்ற விலங்கு மயங்கித்தான் விழும். ‘திணைமயக்கம்’ என்று கண்டால் பிள்ளை அந்தச் சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிடும். இரட்டை டைப்பில் பெருக்கல் கணக்கும் இருக்கு: மோல்ட்ரெஸின் நெருப்பும் பாறைக்குத் தோற்கும், பறத்தலும் தோற்கும், ஆகப் பாறை அடி நான்கு மடங்கு. ‘இருதிணை’ போதும். திணைக்கு என் வாக்கு.

தமிழாசிரியர்:
இருதிணை என்றால் உயர்திணையும் அஃறிணையும், தம்பி. கண்டபேரண்டத்தில் அதை அச்சிட்டால் இலக்கணம் படித்தவன் பாதி ஆள், பாதி பறவை என்று விளங்கிக்கொள்வான். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் குறிஞ்சிச் சீட்டு வேறு!

ஆசிரியை:
சரி, நேரமில்லை. பெரும்பான்மை திணைப் பக்கம், அதையே போடுகிறேன். இரண்டு உள்ளவற்றுக்குச் சொல்லே இல்லை, இரண்டு குறிகள் மட்டும். பிள்ளைகள் இப்போதும் ‘டைப்’ என்றுதான் கதைக்கிறார்கள். யாளிக்கு எந்தத் திணை என்பதில் வகுப்பே சண்டை. ஒருவன் உருக்கு என்று நிற்கிறான்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். யாளிக்கு நிலம்.