4 ஓம் ஃப்ளோர்ஸ்டாண்டர், 95 வாட் ரிசீவர்: தனி பவர் ஆம்ப் எது எடுப்பது?

மொட்டைமாடி:
அறை 15×12 அடி. உட்காருற இடம் ஸ்பீக்கர்ல இருந்து 3 மீட்டர். முன்னாடி ஒரு ஜோடி 4 ஓம் ஃப்ளோர்ஸ்டாண்டர் (தரையில நிக்கிற உயரமான ஸ்பீக்கர்), 2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டர்ல 86 டெசிபல்னு தாள்ல போட்டிருக்கு. சென்டர், சரவுண்ட் எல்லாம் 8 ஓம். சப் (பேஸுக்கான சப்வூஃபர்) 10 இன்ச் ஒண்ணு. ரிசீவர் 7 சேனல், 8 ஓம்ல 95 வாட், எல்லாத்துக்கும் பிரீ-அவுட் (வெளி ஆம்புக்கு சிக்னல் தர்ற அவுட்புட்) இருக்கு.

சண்டைக் காட்சியில வால்யூம் ஏத்தினா ரிசீவர் புரொடெக்ஷனுக்குப் போயிடுது, அதாவது தன்னைக் காப்பாத்திக்கத் தானா அணைஞ்சிடுது. பாட்டு 70, படம் 30 சதவீதம். 2 சேனல் பவர் ஆம்பா, ஹோம் தியேட்டர் பைபாஸ் (வால்யூமைத் தாண்டி நேரா பவர் பகுதிக்குப் போற உள்ளீடு) உள்ள இன்டெக்ரேட்டட் ஆம்பா (பிரீ-ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில), இல்ல மொத்தமா 5 சேனல் ஆம்பா? எத்தனை வாட் பார்க்கணும்?

நாலுஓம்:
முதலில் அந்த 86-ஐ நம்பாதீர்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டுக்குத் தருவது 83 டெசிபல்தான். 4 ஓம் ஸ்பீக்கர் விற்பவர்கள் பலரும் செய்கிற வேலை இது.

இனி கணக்கு. திறந்தவெளியில் 3 மீட்டருக்கு 9.5 டெசிபல் குறையும், மிச்சம் 73.5. அறைச் சுவர்களின் எதிரொலி தோராயமாக 4 டெசிபல் திருப்பித் தரும். 77 என்று வையுங்கள். தியேட்டர் ரெஃபரன்ஸ் அளவில் (ரிசீவர் வால்யூம் 0) ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதற்கு 28 டெசிபல் தேவை, அதாவது 630 வாட். வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வால்யூம் மைனஸ் 10-ல் வைத்தால் உச்சம் 95, அதற்கு 63 வாட். மைனஸ் 5-க்கு 200 வாட். 4 ஓமில், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, 200 வாட் தொடர்ச்சியாகத் தருகிற ஆம்ப் உங்களுக்குப் போதும். 300 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 1.8 டெசிபல், அதற்காகக் காசு கொட்ட வேண்டாம்.

4 ஓமில் 200 வாட் என்றால் 28.3 வோல்ட். உங்கள் ரிசீவர் 8 ஓமில் 95 வாட் தரும்போதே 27.6 வோல்ட் போகிறது. ஆக வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, கரன்ட்தான். உச்சத்தில் 10 ஆம்பியர், ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்கும் இடத்தில் 13-க்கு மேல். ஒரே டிரான்ஸ்ஃபார்மரை 7 சேனல் பங்குபோடும் பெட்டியால் அது முடியாது.

கம்பிக்காரன்:
ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஓசியில முடியுறதைப் பாருங்க சார். ஸ்பீக்கர் டெர்மினல்ல ஒரு இழை செம்பு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் புரொடெக்ஷன் வரும். எல்லா முனையையும் கழட்டி, முறுக்கி, திரும்பப் போடுங்க. ரிசீவருக்கு மேல 10 சென்டிமீட்டர் காலியா இருக்கணும், செட்-டாப் பாக்ஸ் தூக்கி வைக்காதீங்க. ஃப்ரன்ட் ஸ்பீக்கரை "லார்ஜ்"ல வச்சிருந்தா "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸ்ல வெட்டுங்க. பேஸ் பாரம் சப்புக்குப் போயிடும். ஈகோ மோட் ஆஃப். மெனுவுல 4 ஓம் செட்டிங் இருந்தா, பல ரிசீவர்ல அது சூடு குறைக்க உள் வோல்ட்டேஜை இறக்குற வேலை. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, கிளிப் (ஆம்ப் தன் எல்லையைத் தொட்டு ஒலி சிதையறது) இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்து யாரும் கேட்காத விஷயம், கெயின், அதாவது ஆம்ப் சிக்னலைப் பெருக்குற அளவு. 29 டெசிபல் கெயின் உள்ள ஆம்ப் உள்ளே வர்றதை 28 மடங்கு ஆக்கும். உங்களுக்கு வேண்டிய 28.3 வோல்ட்டுக்கு பிரீ-அவுட்ல 1 வோல்ட் போதும், எந்த ரிசீவரும் தரும். 20 டெசிபல் கெயின்னா 10 மடங்குதான், 2.83 வோல்ட் வேணும். நிறைய ரிசீவர் அதுக்கு முன்னாடியே திணறி ஒலியைச் சிதைக்க ஆரம்பிச்சிடும். காரணம், உள்ளே இருக்கிற ஆம்பும் அதே சிக்னல்ல கிளிப் ஆகி, அந்தக் குப்பை பிரீ-அவுட்லயும் கசியும். டெனான் எக்ஸ்3800ஹெச் மாதிரி பிரீ-ஆம்ப் மோட் இருந்தா உள் ஆம்பைத் துண்டிச்சிடலாம்.

ரொம்ப அதிக கெயினும் தப்பு. மேடைக்குப் போடுற பிஏ ஆம்ப் விலை மலிவுன்னு எடுத்தா, ராத்திரி படம் நிறுத்தினதும் ட்வீட்டர்ல "ஸ்ஸ்"னு கேட்கும், கூடவே ஃபேன் சத்தம்.

நாலுஓம்:
கெயின் பற்றிச் சொன்னது சரி. ஆம்ப் மாற்றியதும், ரிசீவர் மைக் வைத்து ஸ்பீக்கர் அளவுகளைத் தானே சரிசெய்யும் ஆட்டோ கேலிபிரேஷனைத் திரும்ப ஓட்ட வேண்டும். ஃப்ரன்ட் ட்ரிம் (அது வைக்கும் சேனல் அளவு) மைனஸ் 12-ல் போய் முட்டி நின்றால் அது உண்மையான அளவல்ல, ரிசீவர் அதற்குமேல் குறைக்க முடியாமல் நிற்கிறது. ஆம்பில் குமிழ் இருந்தால் அங்கே இறக்கிவிட்டு மறுபடி அளக்கவும்.

5 சேனல் ஆம்ப் உங்களுக்கு வீண். 4 ஓம் ஜோடியை வெளியே எடுத்துவிட்டால் மற்ற 8 ஓம் ஸ்பீக்கர்களை ரிசீவர் அலட்டாமல் ஓட்டும்.

இசைத்தட்டு:
பாட்டு 70 சதவீதம் என்றால் நான் இன்டெக்ரேட்டட் பக்கம். ரிசீவரை எழுப்பாமலேயே பாட்டு கேட்கலாம் என்பதே பாதி லாபம். இணைப்பு எளிது: ரிசீவரின் ஃப்ரன்ட் பிரீ-அவுட்டில் இருந்து பைபாஸ் உள்ளீட்டுக்கு ஆர்சிஏ கேபிள் ஜோடி, ஸ்ட்ரீமரும் சிடி பிளேயரும் நேராக இன்டெக்ரேட்டடுக்கு, ஸ்பீக்கர் இன்டெக்ரேட்டடில் மட்டும். பைபாஸ் என்ற பெயரையே தேட வேண்டாம். மரான்ட்ஸ் பிஎம்8006-ன் பின்புறம் "பவர் ஆம்ப் இன்" என்று இருக்கும், வேறு சிலர் "மெயின் இன்" என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பைபாஸில் வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. அந்த ஓட்டையில் தவறிப்போய் சிடி பிளேயரைச் செருகி பிளே அழுத்தினால் முழு வாட்டும் பாயும், ட்வீட்டர் போய்விடும். உள்ளீட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

சப் பற்றியும் யோசிக்க வேண்டும். பாட்டு நேராக இன்டெக்ரேட்டடுக்குப் போனால் ரிசீவரின் 80 ஹெர்ட்ஸ் வெட்டு அங்கே இல்லை, சப் ஊமையாகிவிடும். இன்டெக்ரேட்டடில் சப்-அவுட் இருந்தால் அதைச் சப்பின் இரண்டாவது உள்ளீட்டில் கொடுங்கள்.

மொட்டைமாடி:
நன்றி. ரெண்டு சந்தேகம். கிளாஸ் டி (ஸ்விட்ச்சிங் முறையில ஓடுற ஆம்ப்) எடுத்தா பாட்டு வறண்டு போகும்னு கடையில பயமுறுத்துறாங்க. அப்புறம், எர்த் பின் உள்ள ஆம்பைச் சேர்த்தா "ம்ம்"னு இரையும்னு சொல்றாங்களே?

கம்பிக்காரன்:
பழைய கிளாஸ் டி பத்தின பேச்சு அது. அதுல உயர் அலைவரிசை ஸ்பீக்கரோட ஓமைப் பொறுத்து ஏறி இறங்கும். ஹைபெக்ஸ் என்கோர், பியூரிஃபை மாட்யூல்கள்ல அவுட்புட் ஃபில்டரும் ஃபீட்பேக்குக்குள்ள அடங்கிடுது, அதனால அந்தக் குறை இல்லை. ஆனா எந்த ஆம்பா இருந்தாலும் மாட்யூல் பேரை விட்டுட்டு கெயினைத்தான் முதல்ல பாருங்க. கிளாஸ் டி பலதும் பிரிட்ஜ் முறை: கறுப்பு டெர்மினல் எர்த் கிடையாது. ரெண்டு கறுப்பையும் சேர்த்தாலோ, சப்போட ஹை-லெவல் (ஸ்பீக்கர் டெர்மினல்ல இருந்து சிக்னல் எடுக்கிற) கறுப்பு வயரை அங்கே மாட்டினாலோ ஆம்ப் காலி.

கிளாஸ் ஏபி (பழைய வழக்கமான வகை) எடுத்தா பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச் போட்ட நொடியில எம்சிபி விழலாம். ஓடும்போது 2 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். விழவைக்கிறது அந்த முதல் இழுப்பு. எலக்ட்ரீஷியனை வச்சு 16 ஆம்பியர் பாயின்ட், சி வகை எம்சிபி போடுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல டொராய்டு உறுமும், அதுல ஓட்டாதீங்க.

இரைச்சல் வந்தா எர்த் பின்னை மட்டும் வெட்டாதீங்க, உயிர் விஷயம். டிவி, செட்-டாப் பாக்ஸ்ல இருந்து டிஷ் அல்லது கேபிள் கோஆக்ஸைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா வழி அதுதான்: கேபிள் டிவின்னா ஒரு கோஆக்ஸ் ஐசொலேட்டர் போதும். டிஷ்னா ஐசொலேட்டர் வேண்டாம், டிஷ் முனையில இருக்கிற எல்என்பிக்குப் போற வோல்ட்டேஜைத் தடுத்துடும். பாக்ஸோட ஆடியோவை ஆப்டிக்கல் கேபிள்ல ரிசீவருக்குக் கொடுங்க, எச்டிஎம்ஐ டிவிக்கு மட்டும் போகட்டும். நிக்கலைன்னா ரிசீவர், ஆம்ப், சப் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்கு மாத்துங்க.