மறுமொழி: 'சால்வேஜ்' என்பதற்குக் களவு பொருந்துமா, மீட்பு பொருந்துமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் கணினி விளையாட்டுகளைத் தமிழாக்குவதற்கான நம் சொற்பட்டியலில் 'சால்வேஜ்' (கேட்பாரற்று மிதக்கும் சரக்கையோ உடைந்த கப்பலின் பாகங்களையோ எடுத்துக்கொள்வது) என்ற வரிக்கு நேரே யாழ்ப்பாணத்து அக்கா 'களவெடுப்பு' என்று எழுதியிருக்கிறார். அது வேண்டாம், 'மீட்பு' போதும் என்று ஐயா அடுத்த மடலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே பொருந்தவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஏன் அப்படி எழுதினார் என்பது புரிகிறது. அவர் எலீட் டேஞ்சரஸ் என்ற விண்கப்பல் விளையாட்டை ஆடுபவர். 2014 டிசம்பரில் அந்த விளையாட்டு வந்த புதிதில், விண்வெளியில் மிதக்கும் சரக்கு உருளையை எடுத்தாலே 'திருடப்பட்டது' என்ற முத்திரை விழுந்துவிடும். சாதாரணச் சந்தையில் அதை விற்க முடியாது, கள்ளச்சந்தை உள்ள நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். வழியில் காவல் கப்பல் நம் சரக்கறையை ஸ்கேன் செய்துவிட்டால் அபராதம் வேறு. சுற்றிலும் ஆளே இல்லாத இடத்தில், சிதைந்துபோன ஒரு கப்பலின் பக்கத்தில் எடுத்ததற்கும் அதே முத்திரைதான். ஆடுபவர்கள் பலருக்கு இது நியாயமாகப் படவில்லை. பிற்பாடு 'சட்டப்படியான சால்வேஜ்' என்று ஒரு வகையையே சேர்த்தார்கள். இப்போது மிதக்கும் உருளையைக் குறிவைத்தால் அது எந்த வகை என்று திரையிலேயே தெரிகிறது. விளையாட்டை உருவாக்கியவர்களே பிரித்துக் காட்டிவிட்ட ஒன்றை நாம் மறுபடியும் களவு என்று ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம்.

அதே விளையாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லைப் பற்றிய தெளிவு அங்கிருந்துதான் வந்தது. சரக்கறையிலிருந்து ஒரு டன் சரக்கை வெளியே விட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெறுமனே வெளியே தள்ளுவது. சரக்கு வெளியே போனாலும் உரிமை நம்மிடமே இருக்கும், வேறொருவர் எடுத்தால் அவருக்குத் திருட்டு முத்திரை. மற்றது, சரக்கோடு உரிமையையும் விட்டுவிடுவது. அதை யார் எடுத்தாலும் குற்றமில்லை. நண்பருக்குக் கொடுக்க நினைத்து முதல் வழியில் தள்ளினால் நண்பர் கையில் திருட்டுப் பொருள்தான் சேரும். ஆக, சரக்கு எங்கே மிதக்கிறது என்பதைப் பொறுத்து எதுவும் மாறுவதில்லை. உடையவர் அதை எப்படி விட்டார் என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

ஈவ் ஆன்லைன் இதை வேறு மாதிரி வெட்டுகிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட விளையாட்டு அது. ஒரு கப்பல் நொறுங்கினால் அதன் உடைசல் 2 மணி நேரம் அங்கேயே கிடக்கும், உள்ளே இருந்த பொருள்களில் ஒரு பகுதி பிழைத்திருக்கும். கணினி ஓட்டும் கொள்ளைக் கப்பலை நீங்கள் சுட்டு வீழ்த்தினால் உடைசலில் இருக்கும் பொருள் உங்களுடையது. பாதுகாப்பு மிகுந்த பகுதியில் வேறொருவர் அதில் கை வைத்தால் 15 நிமிடம் அவர் 'சந்தேகத்துக்குரியவர்' ஆகிவிடுவார், அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம். ஆனால் அதே உடைசலின் மேல் சால்வேஜ் கருவியைப் பாய்ச்சி, உலோகத்தையும் உதிரிப் பாகங்களையும் கழற்றிக்கொண்டு போனால் குற்றமே இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பின் தெரியாத ஒருவர் வந்து எடுத்துப் போகலாம். அது திருட்டு என்று புகார் சொன்னவர்கள் உண்டு. அது திருட்டு ஆகாது என்பதே அந்த விளையாட்டின் விதி. உள்ளே இருக்கும் சரக்குக்கு உடையவர் உண்டு, உடைந்த கப்பலின் வெற்று ஓட்டுக்கு உடையவர் இல்லை.

எங்கள் பக்கம் நிலக்கடலை பிடுங்கி முடித்த கொல்லையில் தப்புக்கடலை பொறுக்கப் போவார்கள். மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களை யார் வேண்டுமானாலும் கிளறி எடுத்துக்கொள்ளலாம், கொல்லைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அதே கொல்லையின் வரப்பில் குவித்து வைத்த கடலையில் ஒரு பிடி அள்ளினால் பேச்சே வேறு. ஈவ் விதியைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 'தப்புச்சரக்கு' என்று வைக்கலாமா என்றுகூட ஒரு நேரம் ஆசைப்பட்டேன். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பார்ப்பவர் எல்லோரும் 'தவறான சரக்கு' என்றுதான் படிப்பார்கள், அதனால் விட்டுவிட்டேன். 'பொறுக்கல்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். செயலுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் அதைச் செய்பவருக்குப் பெயர் வைக்கும்போது வசவில் போய் நிற்கும். அதுவும் வேண்டாம்.

சரி, 'மீட்பு'. ஐயா, தமிழில் எதை மீட்கிறோம்? அடகு வைத்த நகையை மீட்கிறோம், வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கிறோம், இழந்த நிலத்தை மீட்கிறோம். எல்லா இடத்திலும் மீட்ட பொருள் உரியவரிடமோ உரிய இடத்திலோ போய்ச் சேருகிறது. யாருடையதோ ஒன்றை எடுத்துப் போய் விற்றுக் காசாக்கிக்கொள்வதை மீட்பு என்று நாம் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் எடுத்தவருக்கு நாமே நற்சான்று கொடுத்தது போல் ஆகிவிடும். களவு என்ற சொல் முன்கூட்டியே தண்டிக்கிறது, மீட்பு என்ற சொல் முன்கூட்டியே விடுதலை செய்கிறது. இன்னொன்று, மீட்புக்கு எலீட் டேஞ்சரஸில் சரியான இடம் ஏற்கனவே இருக்கிறது. ஆள் இருக்கும் உயிர்காப்புக் கூண்டுகளையும் கப்பல்களின் கருப்புப் பெட்டிகளையும் கண்டெடுத்தால் நிலையத்தில் அதற்கென்றே இருக்கும் தேடல்-மீட்புப் பிரிவில் ஒப்படைக்கலாம். சொல்லை அங்கே வைப்போம், வீணாக்க வேண்டாம்.

அப்புறம் சட்டம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில் திருட்டுக்கு விளக்கம் சொல்லும்போது ஓர் எடுத்துக்காட்டு வரும். பெருவழியில் ஒரு மோதிரம் கிடக்கிறது, யார் கைவசத்திலும் இல்லை. அதை எடுப்பவர் திருட்டுக் குற்றம் செய்தவர் ஆகமாட்டார், ஆனால் கையாடல் குற்றம் செய்தவர் ஆகக்கூடும். அந்தக் கையாடலைப் பேசுவது 403-ஆம் பிரிவு. உடையவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் முயலாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம், உடையவரிடம் சேர்க்கவே எடுத்து வைத்திருந்தால் குற்றமில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும் திருட்டு, கையாடல் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள்தான். ஆக, ஒருவர் கைவசத்திலிருந்து எடுத்தால்தான் திருட்டு. மிதக்கும் உருளை யார் கைவசத்திலும் இல்லை. அதைத் திருட்டு என்பது சட்டத்தின் கணக்கிலேயே சரியில்லை. கூடிப்போனால் கையாடல்.

இந்த இடத்தில்தான் எனக்கு வேண்டிய சொற்கள் கண்ணில் பட்டன. கைவசம், கையாடல், கைவிடுதல், கைதவறுதல், கைப்பற்றுதல். தமிழ் இதையெல்லாம் கையை வைத்தே அளந்து வைத்திருக்கிறது. உரிமையோடு விட்ட சரக்கு கைவிட்ட சரக்கு. உரிமை போகாமல் நழுவிய சரக்கு கைதவறிய சரக்கு. கைவிட்டதை எடுப்பவர் தனதாக்கலாம். கைதவறியதை எடுப்பவர் ஒப்படைத்தால் மீட்பு, வைத்துக்கொண்டால் கையாடல். அடுத்தவர் கப்பலின் சரக்கறைக் கதவை உடைத்து எடுத்தால் அதுதான் திருட்டு, இன்னும் சரியாகச் சொன்னால் பறிப்பு. ஆங்கிலச் சட்டத்தில் கடலில் கிடக்கும் பொருளுக்கு ஃப்ளாட்சம், ஜெட்சம், லாகன், டெரலிக்ட் என்று நான்கு பெயர்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அந்தப் பிரிப்பு அவர்கள் கடற்கரையில் வளர்ந்தது. நமக்குக் கைவிட்டது, கைதவறியது என்ற இரண்டு சொற்களே வேலையைச் செய்துவிடும்.

எடுக்கும் செயலுக்கு மட்டும் பொதுவான ஒரு பெயர் வேண்டும், குற்றமும் புண்ணியமும் ஒட்டாத பெயர். 'கண்டெடுப்பு' என்று முன்மொழிகிறேன். கண்டதும் எடுத்ததும் மட்டுமே அதில் இருக்கிறது, அதற்கு மேல் என்ன ஆயிற்று என்பதைப் பக்கத்தில் வரும் சொல் சொல்லும். உடைசலிலிருந்து பாகம் கழற்றுவது வேறு வேலை. காயலான் கடைக்காரர் செய்வது போன்றது. அதற்குப் 'பாகமெடுப்பு' என்று தனியாக வைக்கலாம்.

நொறுங்கிய கப்பலுக்கு நாம் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். 'உடைகலம்' மணிமேகலையிலேயே இருக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் உடைகலப்பட்டு நாகர் மலையில் ஒதுங்கிய கதை நமக்குத் தெரியும். அவன் பேச்சைக் கேட்டு மனம் மாறிய நாகர் தலைவன், அதுவரை கலம் கவிழ்ந்து வந்தவர்களைத் தின்று சேர்த்து வைத்திருந்த அவர்களுடைய பொருளை, நறுமண மரமும் துகிலும் நிதியுமாக, அவனுக்கே எடுத்துக் கொடுக்கிறான். அந்தப் பொருள் யாருடையது என்று எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கேட்கத் தோன்றும்.

கதை போகட்டும், கல்வெட்டே இருக்கிறது. அக்காவின் ஊருக்குப் பக்கத்தில், நயினாதீவில், 12-ஆம் நூற்றாண்டு இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் கெட்டால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. அடுத்த நூற்றாண்டில், 1244-இல், காகதிய அரசர் கணபதிதேவர் ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வைத்த கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முன்பிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பலின் சரக்கை முழுக்கப் பறித்துக்கொண்டார்கள், நாம் உரிய தீர்வை தவிர வேறெதையும் எடுக்கமாட்டோம் என்று அதில் உறுதி கொடுக்கிறார். கலம் உடைந்தாலும் உடையவரின் உரிமை உடையாது என்பதை நயினாதீவில் தமிழில் கல்லில் வெட்டி எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தப் பேச்சுக்குத் தமிழ் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

'விளையாட்டில் விதி என்ன சொல்கிறதோ அதை அப்படியே பெயர்த்தால் போதும், நியாயம் பேசுவது நம் வேலையா' என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயர்க்கும்போதே நாம் ஒரு நியாயத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிதக்கும் ஓர் உருளையை எடுக்கிறது, திரையில் தமிழில் 'களவு' என்று வருகிறது. அந்தப் பிள்ளை செய்தது களவா? எங்கள் ஊரில் அறுந்துபோன வலை யார் படகில் சிக்கினாலும் மிதவையில் இருக்கும் பெயின்ட் குறியைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். குறி அழிந்து கிடந்தால் கண்டெடுத்தவருக்கே. அந்த வேறுபாட்டைக் கரையில் வளரும் பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள். திரையிலும் அது தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

நிஜ விண்வெளியைப் பற்றியும் ஒரு வரி. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8-ஆம் உறுப்பின்படி, ஏவிய பொருள் விண்ணில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பினாலும் அதன் உரிமை மாறாது. செயலிழந்த செயற்கைக்கோளையும் கேட்காமல் எடுக்க முடியாது. 1984 நவம்பரில் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்ணோடம் வழிதவறிய இரண்டு செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொண்டு வந்தது, பலாப்பா பி2, வெஸ்டார் 6. காப்பீட்டுக்காரர்களோடு முன்பே ஏற்பாடு செய்துகொண்டுதான் போனார்கள். நம் சொல்லில் இரண்டும் கைதவறியவை, நடந்தது மீட்பு. சொற்கள் விளையாட்டுக்கு வெளியேயும் நிற்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

பட்டியலில் களவெடுப்பு, மீட்பு இரண்டையும் அழிக்காமல், கண்டெடுப்பு, பாகமெடுப்பு, உடைகலம், கைவிட்ட சரக்கு, கைதவறிய சரக்கு ஆகியவற்றைப் பக்கத்து நிரலில் சேர்த்திருக்கிறேன். 'திருடப்பட்டது' முத்திரையைக் 'கைதவறிய சரக்கு' என்று மாற்றினால், உண்மையிலேயே கதவுடைத்து எடுத்த சரக்கும் அதற்குள் வந்துவிடும் என்பது எனக்கே இன்னும் தீராத சிக்கல். விளையாட்டு அந்த இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் வைத்திருக்கிறது. 'பிறர் சரக்கு' என்று பொதுவாக வைக்கலாமா? அக்கா, நீங்கள்தான் அதிகம் ஆடியவர், உங்களுக்கு எது சரியாகப் படுகிறது என்று எழுதுங்கள். நயினாதீவுக் கல்வெட்டின் மூலவாசகம் உங்களிடம் இருந்தால் அதையும் அனுப்புங்கள், சரக்குக்கும் உடையவருக்கும் அங்கே என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டே பட்டியலை மூடலாம்.

அன்புடன்