ரீடோல்ட்: தெய்வ சக்தி ஒரு முறையா, பல முறையா? ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. 2002-இல் வந்த 'ஏஜ் ஆஃப் மித்தாலஜி' என்ற கணினிப் போர் வியூக ஆட்டத்தை ஆடி வளர்ந்தவன் நான். அதன் மறுவாக்கமாக 2024-இல் வந்த 'ரீடோல்ட்' பதிப்பை இப்போது நாலு பேர் சேர்ந்து ஆடுகிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் ஓயாத வாக்குவாதம்.

பழைய ஆட்டத்தில், நாம் வழிபடும் தெய்வம் தரும் ஒரு சக்தியை ஒரே முறைதான் ஏவலாம். கிரேக்கக் கடவுள் ஜீயஸின் இடியை யார் தலையில் இறக்குவது என்று சுட்டியைப் பிடித்தபடி காத்திருப்போமே, அந்தப் பதைப்புதான் எனக்கு ஆட்டமே. புதியதில் சற்று நேரம் பொறுத்து, ஆட்டத்தில் சேர்க்கும் 'அருள்' என்ற வளத்தைச் செலவழித்து மறுபடி ஏவலாம். ஒவ்வொரு முறையும் விலை ஏறும். இதுதான் நல்லது, கடைசிவரை யோசிக்க வைக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, ஒழுங்காக ஆடிப் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது. கிரேக்கர்களை எடுத்து ஆடுபவர்கள் சொல்லுங்கள்: அருள் சேர்க்கக் கோயிலில் வழிபட எத்தனை வேலையாட்களை நிறுத்துகிறீர்கள்? அருளைக் காளைத்தலைப் படைவீரனான மினோட்டாரை உருவாக்கக் கொடுப்பதா, அடுத்த இடிக்குச் சேர்ப்பதா? நேற்று பத்துப் பேரைக் கோயிலில் விட்டேன். உணவு தீர்ந்து படையே எழவில்லை. அப்புறம், 'ஒரு முறை மட்டும்' என்று பேசி வைத்து ஆடும் குழு எதுவும் இருக்கிறதா? இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.