சின்ன விஷயத்துக்கு ஒரு மாதம், பெரிய விஷயத்துக்கு ஒரு நிமிடம். இதை எப்படி மாற்றுவது?

வெண்மேகம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஹெட்போன் வாங்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் விமர்சனம் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, கார்ட்டில் போட்டு, மறுபடி எடுத்துவிடுகிற ஆள் நான். ஆனால் ஒரு வருட மாலை நேர கோர்ஸில், நண்பர் ஒருவர் "நல்லா இருக்கும், சேர்ந்துடு" என்று சொன்ன அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டிச் சேர்ந்துவிட்டேன். இப்போது பாதி முடிந்திருக்கிறது. பாடம் மோசமில்லை, எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. விடலாம் என்றால் கட்டிய பணம் உறுத்துகிறது, தொடரலாம் என்றால் சாயங்காலம் ஆனாலே சலிப்பு. இது மட்டுமில்லை, பொதுவாகவே முடிவெடுப்பதில் கொஞ்சம் தெளிவு வர என்ன செய்யலாம்? "மனசு சொல்றதைக் கேளு" மட்டும் வேண்டாம், என் மனசு காலையில் ஒன்று சொல்கிறது, ராத்திரி ஒன்று சொல்கிறது.

கறார்பேர்வழி:
போன பணம் போனதுதான். தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது, அதனால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். பனிச்சறுக்குப் பயணம் இரண்டுக்கு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், ஒன்று 100 டாலர், மற்றது 50 டாலர். 50 டாலர் பயணம்தான் அதிக ஜாலியாக இருக்கும் என்று நீங்களே நினைக்கிறீர்கள். அப்புறம் பார்த்தால் இரண்டும் ஒரே வார இறுதியில் வருகிறது, எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத்தான் சொன்னார்கள். நீங்களும் அதே வரிசையில்தான் நிற்கிறீர்கள். மீதி ஆறு மாதத்தை இன்றைக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தால் போவீர்களா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழையடைரி:
மேலே சொன்னது சரிதான், ஆனால் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். எதைக் கற்றாலும் நடுவில் ஒரு சலிப்பு வரும், அது கோர்ஸின் குறையா அந்த வாரத்தின் அசதியா என்று ஒரே நாளில் தெரியாது. பழைய வழி ஒன்று இருக்கிறது. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று குழம்பியபோது, அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன முடிவெடுப்பது என்று சொல்லவில்லை, எப்படி எடுப்பது என்றுதான் சொன்னார். தாளின் நடுவே ஒரு கோடு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். அதை உட்கார்ந்த இடத்தில் நிரப்பக் கூடாது, மூன்று நாலு நாள் தாளை வைத்துக்கொண்டு தோன்றத் தோன்ற எழுத வேண்டும். உங்கள் காலை மனசு, ராத்திரி மனசு இரண்டும் ஒரே தாளில் வந்துவிடும், அதுதான் இதில் விசேஷம். பிறகு சம எடை உள்ளவற்றை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வருவது. ஒரு சாதகம் இரண்டு பாதகத்துக்குச் சமம் என்று தோன்றினால் மூன்றையும் அடித்துவிடலாம். மிச்சம் இருப்பதைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, முடிவெடுத்த அன்றைக்கே தேதி போட்டு, ஏன் எடுத்தேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்று நாலு வரி எழுதி வையுங்கள். நினைவை நம்பவே கூடாது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க வாய்ப்பு என்று மாணவர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு, முன்பு என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது, நடந்த விஷயங்களுக்குத் தாங்கள் கொடுத்த வாய்ப்பை உண்மையில் கொடுத்ததைவிடக் கூட்டியே நினைவு வைத்திருந்தார்கள். பிஷ்ஹாஃப், பெய்த் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு அது. எழுதி வைக்காவிட்டால் நாமும் "அப்பவே தெரியும்" என்று நம்மையே ஏமாற்றிக்கொள்வோம், பாடம் எதுவும் மிஞ்சாது.

சும்மாஒருத்தன்:
இவ்வளவு எதுக்கு, காசைச் சுண்டிப் போடுங்க :) நிஜமாகவே ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் இணையத்தில் அப்படி ஒரு சோதனை வைத்தார், 20,000-க்கும் மேல் காசு சுண்டினார்கள். பெரிய விஷயங்களில், காசு சொன்னபடி மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து அதிக சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கறார்பேர்வழி:
@சும்மாஒருத்தன், அங்கே வந்தவர்களே முடிவெடுக்க முடியாமல் திணறியவர்கள், அதாவது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக நின்றவர்கள். அதை வைத்து யார் வேண்டுமானாலும் எதையும் விட்டுவிடலாம் என்று சொல்ல முடியாது.

ஹெட்போன் பற்றி யாரும் பேசவில்லையே. ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1950-களிலேயே சொன்னதுதான்: ஆகச் சிறந்ததைத் தேடாமல், போதுமான அளவை முதலிலேயே வைத்துக்கொள்வது. விலை இவ்வளவுக்குள், காது வலிக்கக் கூடாது, மைக் தெளிவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள முதல் ஹெட்போனை வாங்கிவிட்டு டேபை மூடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்க முடியாதவற்றுக்குத்தான் நாள் எடுத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்கிறீர்கள்.

வெண்மேகம்:
நன்றி எல்லோருக்கும். இலவசமாகக் கொடுத்தால் போவேனா என்ற கேள்விதான் நேற்று முழுக்க மண்டையில் ஓடியது. யோசித்துப் பார்த்தால் செய்முறை வகுப்புக்குப் போவேன், விரிவுரைக்குப் போக மாட்டேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். விரிவுரையைப் பதிவாகப் பார்த்துக்கொள்ள விடுவார்களா என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன். முடியாது என்றால் கோடு போட்ட தாள்தான், அதில் இப்போதைக்கு பாதகம் பக்கம் மட்டும் நிரம்பியிருக்கிறது, இன்னும் மூன்று நாள் பார்க்கிறேன்.